ஹார்பர் பாதையும் அருவத் தொழிற்சாலையும்

நவி மும்பைச் சான்பாடாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று பார்த்தால், மின்சார ரயில்களைப் பராமரிக்கும் கார்ஷெட்டின் நீண்ட கூரைகளும், அவற்றுக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இரவு முழுவதும் ஊர்ந்துகொண்டிருக்கும் ரேக்குகளும், அவற்றின் தலைக்கு மேலே வலை பின்னினாற்போல் கிடக்கும் கம்பிகளும் தெரியும். கழிமுகத்தின் மேல் பாலம் போட்டு, 1992ஆம் ஆண்டு மே மாதம் மான்குர்திலிருந்து வாஷிக்கும், மறு ஆண்டு பிப்ரவரியில் அங்கிருந்து நேருலுக்கும் ரயில் விட்ட பிறகுதான் இந்தச் சதுப்புக் கரை ஒரு நகரத்தின் ஸ்வரூபத்தை எடுக்கத் தொடங்கிற்று. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் செய்துகொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் சில, சொந்தமாக இரண்டு அறை கிடைத்தால் போதுமென்று கழிமுகம் தாண்டி இப்பக்கம் வந்தன. எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான்.

என் ஜீவனம் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது. அந்தத் தொழிலில் ‘அப்ஸ்ட்ராக்ட் ஃபாக்டரி’ என்று ஒரு நுட்பம் உண்டு. அதைப் புத்தகத்தில் படித்தேன், நேர்முகத் தேர்வுகளில் ஒப்பித்தேன், சம்பளம் வாங்கிக்கொண்டு பல இடங்களில் பிரயோகமும் செய்தேன். ஆனாலும் அது எதற்காக ஏற்பட்டது என்பதை மனசில் வாங்கிக்கொண்டது, இந்தக் கம்பிகளில் ஓடும் மின்சாரம் ஒரு ஜாதியிலிருந்து இன்னொரு ஜாதிக்கு மாறிய காலத்தில்தான். ஆகையால் அந்த மாற்றத்தின் சரித்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியாவில் முதன்முதலாக மின்சார ரயில் ஓடியது 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி; ஓடிய இடம், அப்போது விக்டோரியா டெர்மினஸ் என்று வழங்கிய நிலையத்திலிருந்து குர்லா வரையிலான ஹார்பர் பாதை. பம்பாய் கவர்னராக இருந்த சர் லெஸ்லி வில்ஸன் தொடங்கிவைத்தார். கம்பியில் ஓடியது 1500 வோல்ட் நேர்மின்னோட்டம், அதாவது ரயில்வேக்காரர்கள் வாயில் ‘டி.சி.’ ஆறு ஆண்டுகள் கழித்து 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்சார வண்டி விட்டபோதும் அதே 1500 வோல்ட் டி.சி.தான். அந்தக் காலத்து மோட்டார்களுக்கு நேர்மின்னோட்டமே உகந்ததாக இருந்தபடியால் அப்படிச் செய்தார்கள், செய்தவர்கள்மேல் குற்றமில்லை.

பின்னால்தான் அதன் விலை தெரிந்தது. ஒரு வண்டி புறப்பட்டு வேகமெடுக்கும் தறுவாயில் 30 லட்சம் வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1500 வோல்ட்டில் அது 2000 ஆம்பியர். அதையே 25,000 வோல்ட்டில் கொடுத்தால் வெறும் 120 ஆம்பியர். இரண்டாயிரம் ஆம்பியரைச் சுமக்கக் கனத்த செப்புக் கம்பி வேண்டும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின் நிலையம் வேண்டும், வண்டிகளை நெருக்கி விடவும் முடியாது. இதையெல்லாம் யோசித்து 1957இல் இந்திய ரயில்வே இனிமேல் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம், அதாவது ‘ஏ.சி.’, என்று தீர்மானித்தது. சென்னை அறுபதுகளிலேயே மாறிவிட்டது. பம்பாயால் முடியவில்லை. நாள் முழுதும் நிற்காமல் லட்சக்கணக்கான ஜனங்களைச் சுமந்து ஓடும் பாதையை நிறுத்திவைத்துவிட்டுக் கம்பி மாற்றுவது எப்படி? மேற்கு ரயில்வேயின் புறநகர்ப் பாதை 2012இல்தான் முழுதும் மாறிற்று. நாட்டிலேயே முதலில் மின்சாரம் கண்ட ஹார்பர் பாதை, எல்லாவற்றுக்கும் கடைசியாக 2016 ஏப்ரலில் மாறிற்று. முதலில் வந்தவனுக்கே பழைய சட்டை நெடுங்காலம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதில் என்னைக் கவர்ந்த சங்கதி ஒன்று. டி.சி. என்றால் அது கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு மாத்திரம் பெயரன்று. டி.சி. என்று முடிவு செய்துவிட்டால் துணைமின் நிலையம் ஒரு விதம், கம்பியின் கனம் ஒரு விதம், கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒரு விதம், வண்டியின் கூரையில் இருக்கும் மின்துண்டிப்பான் ஒரு விதம், அடியில் இருக்கும் சாதனங்கள் ஒரு விதம். ஏ.சி. என்றால் இத்தனையும் வேறு. கம்பிக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளிகூட வேறு. தெற்கு மும்பையில் நூறாண்டு கடந்த ஹான்காக் பாலத்தை 2016 ஜனவரியில் இடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்த இரண்டு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொரு சாமானாகப் பொறுக்கி எடுத்துச் சேர்க்க முடியாது. டி.சி. வண்டி ஏ.சி. கம்பியைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல இஞ்ஜினியர் வேண்டாம்.

ஒன்றோடொன்று சேர்ந்து வாழவேண்டிய பொருள்களின் குடும்பங்கள் பல இருக்கும்போது, ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒரு முறை குடும்பத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் பிறகு வரும் ஒவ்வொரு பொருளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே வரும்படி செய்துவிடுவதற்குப் பெயர்தான் எங்கள் தொழிலில் அப்ஸ்ட்ராக்ட் ஃபாக்டரி. தமிழில் அருவத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளலாம்.

கம்பியும் வோல்ட்டும் பிடிக்காதவர்களுக்கு வேறொரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். மாட்டுங்கா கிழக்கில், கொச்சு குருவாயூர் என்று பேர்பெற்ற ஆஸ்திக சமாஜத்துக்குப் போகிற வழியில், கல்யாணச் சாமான் விற்கும் கடை ஒன்றில் ஒரு நாள் என் மனைவிக்காகக் காத்திருந்தேன். ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்து, பெண்ணுக்கு முகூர்த்தம் நிச்சயமாகிவிட்டது, சாமான்கள் வேண்டும் என்றார். கடைக்காரர் தலை நிமிராமல், “வடகலையா, தென்கலையா, மாமி?” என்றார். “தென்கலை.” அவ்வளவுதான். பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாதம் வைத்த நாமம் அச்சிட்ட பத்திரிகை மாதிரிகள் வந்தன. அதே நாமம் பொறித்த தாம்பாளம் வந்தது. திருமாங்கல்யத்துக்கு நகைக்கடையில் காட்டவேண்டிய மாதிரிப் படம் வந்தது. காசி யாத்திரை செட் என்று குடையும் விசிறியும் தடியும் ஒரே கட்டாக வந்தன. எடுத்துக் கொடுத்த பையனுக்கு உத்தரப் பிரதேசம். வடகலை இன்னது தென்கலை இன்னது என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எந்த அலமாரி என்று முதலாளி கைகாட்டினார். பையன் பத்திரிகை, தாம்பாளம், செட் என்று பேர் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்தான். கலப்பதற்கு வழியே இல்லை. காஞ்சிபுரத்தில் கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் இடுவது என்று கோர்ட்டுக்குப் போன சமூகத்துக்குச் சாமான் விற்பவர், கலந்துவிட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்பதை அறிந்தவர்.

முதலாளி கைகாட்டிய அலமாரிதான் தொழிற்சாலை. பையன்தான் நாங்கள் எழுதும் நிரலின் பெரும்பகுதி. அவனுக்குச் சம்பிரதாயம் தெரியாமலிருப்பது ஒரு குறையன்று. அவனால் எந்தக் குடும்பத்துக்கும் சாமான் எடுத்துக் கொடுக்க முடிவதற்கு அதுவே காரணம்.

இனி சாஸ்திரத்துக்கு வருவோம். பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது, காரியங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போகாமல், தமக்கென்று ஒரு நிலையும் சில செயல்களும் உடைய சிறு சிறு பொருள்களாக நிரலைக் கட்டும் முறை. நார்வேயில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகார்டும் ‘சிமுலா 67’ என்ற மொழியில் அதற்கு வித்திட்டார்கள். அங்கே ஒரு பொருளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசலாம். அது என்னென்ன செய்யும் என்ற வாக்குறுதி மட்டும் இருந்து, எப்படிச் செய்யும் என்பது இல்லாதது அருவம். வாக்குறுதியை நிறைவேற்றும் யந்திரத்தோடு கூடியது உருவம். பாதி வாக்குறுதியும் பாதி யந்திரமுமாக இருப்பதும் உண்டு. அருவம், அருவுருவம், உருவம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசிப் பழகிய சைவ சித்தாந்திகளுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. என் வகுப்புத் தோழன் ஒருவன், அரைகுறையாக எழுதிவைத்த கிளாஸ் (பொருள்களை வார்க்கும் அச்சுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்) எதைக் கண்டாலும், அருவுருவமான ‘லிங்க ஸ்வரூபம்’ என்பான்.

வாக்குறுதியை மட்டும் நம்பி நிரல் எழுதினால் நாளைக்கு யந்திரத்தை மாற்றலாம் என்பது இந்த முறையின் பெரிய சௌகரியம். ஆனால் அதற்குள் ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. பயன்படுத்தும்போது அருவத்தைப் பெயர் சொல்லி அழைக்கலாம். உண்டாக்கும்போது அப்படிச் செய்ய முடியாது. ‘ஒரு நாற்காலி கொடு’ என்று கேட்கலாம். தச்சன் செய்யத் தொடங்குகையில் அது தேக்கா, மூங்கிலா என்று யாராவது சொல்லித்தானாக வேண்டும். ஆகவே சிருஷ்டி நடக்கும் இடங்களிலெல்லாம் உருவத்தின் பெயர் நிரலுக்குள் புகுந்துவிடுகிறது. நூறு இடங்களில் புகுந்துவிட்டால் பிறகு மாற்றுவது ஆகாத காரியம். இந்தப் புகுதலை ஓரிடத்தில் கட்டிப்போடவே தொழிற்சாலை.

இத்தகைய உபாயங்களுக்கு வடிவமைப்புத் தோரணிகள் என்று பெயரிட்டுத் தொகுக்கும் எண்ணம் கட்டடக் கலையிலிருந்து வந்தது. அதன் வேர்களில் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கிறிஸ்டபர் அலெக்ஸாண்டர் என்ற சிற்ப சாஸ்திரி அறுபதுகளின் தொடக்கத்தில் குஜராத்தில் பாவ்ரா என்ற சிற்றூரில் தங்கி, சுமார் 600 பேர் வாழும் ஒரு கிராமத்துக்கு என்னென்ன தேவை என்று 141 தேவைகளைப் பட்டியலிட்டு, எந்தத் தேவை எதோடு பிணைந்திருக்கிறது என்று கணக்கிட்டு, அவற்றைக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். 1964இல் வெளிவந்த அவருடைய நூலின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. அதற்கு மறு வருஷந்தான் சார்ல்ஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் பட்டேல் மூவரும் கழிமுகத்துக்கு இப்பால் புது பம்பாய் எழும்பவேண்டும் என்று ‘மார்க்’ பத்திரிகை வழியே வாதாடினார்கள் என்பது இங்கே உட்கார்ந்து எழுதுகிற எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அலெக்ஸாண்டர் 1977இல் தோரணிகளை ஒரு மொழியாகவே கோத்துக் கொடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் அதை நிரலாக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிஸிடீஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து 1994இன் இறுதியில் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார்கள். அதில் 23 தோரணிகள். முதலாவதாக விவரிக்கப்படுவது அருவத் தொழிற்சாலை. அதற்கு ‘கிட்’ என்ற மறுபெயரையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். காசி யாத்திரை செட்டைப் பார்த்த எனக்கு அந்தப் பெயர்தான் அதிகப் பொருத்தமாகப் படுகிறது.

நால்வரின் நூல் காட்டும் உதாரணம், மோடிஃப் என்றும் பிரஸென்டேஷன் மானேஜர் என்றும் அக்காலத்தில் இருந்த இரண்டு திரைத் தோற்றங்கள்: சாளரம் ஒன்றின் பாணியிலும் அதன் உருள்பட்டை மற்றதன் பாணியிலும் இருந்துவிடக் கூடாது. நியாயமான உதாரணம்தான், ஆனால் தவறினாலும் பார்க்க அவலட்சணமாக இருக்கும், அவ்வளவே. தவறினால் அவமானம் வரும் உதாரணம் ஒன்றை நான் அனுபவித்தே அறிந்திருக்கிறேன்.

2003 வாக்கில் தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஓர் அச்சகத்துக்கு, தமிழ்த் தட்டச்சுக்கும் பக்க அமைப்புக்கும் சிறு மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். தமிழ்க் கணிமையின் அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு அது என்ன கதி என்று தெரியும். எண்பதுகளிலிருந்தே முத்து நெடுமாறனின் முரசு முதலாக ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டார்கள். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் பாமினி என்ற எழுத்துருவில் எழுதினார்கள். இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் ‘திஸ்கி’ என்ற குறியீட்டை ஏற்படுத்தினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு ‘டாப்’, ‘டாம்’ என்று இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொடுத்தது. 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்ட யூனிகோட் பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்தின் குறியீட்டில் அடித்ததை இன்னொரு குடும்பத்தின் எழுத்துருவில் காட்டினால் தமிழ் தமிழாக இராது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்து அனுப்பிய கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். அதைக் கண்டு ‘இது பாமினி’ என்று ஒரு பார்வையிலேயே சொல்லக் கற்றவர்கள் அக்காலத்து டி.டி.பி. ஆசாமிகள்.

எழுத்தின் தோற்றம் மாறுவதோடு போயிருந்தால் சமாளிக்கலாம். குடும்பத்துக்குக் குடும்பம் எழுத்தை அடுக்கும் வரிசையே மாறுகிறது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டாப் குறியீட்டில் அது மூன்று துண்டு, கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் அது இரண்டே துண்டு, காதுக்குக் கேட்கிற வரிசையில்: முதலில் ககரம், பிறகு ஒகரத்தின் குறி. ஆகவே விசைப்பலகை, குறியீடு, எழுத்துரு ஆகிய மூன்றோடு நில்லாமல், வரியை எங்கே முறிப்பது, அழிக்கும் விசையைத் தட்டினால் எவ்வளவு அழிப்பது என்பதெல்லாங்கூடக் குடும்பத்தைப் பொறுத்தவை ஆகின்றன.

இளங்கன்று பயமறியாது என்பார்கள். நான் என்ன செய்தேனென்றால், நிரலில் எங்கெங்கே அவசியப்பட்டதோ அங்கங்கே, ‘இது டாப் ஆனால் இப்படிச் செய், யூனிகோட் ஆனால் அப்படிச் செய்’ என்று கேள்வி கேட்டு எழுதினேன். பதினோரு இடங்களில் கேட்டேன். பன்னிரண்டாவது இடத்தில் கேட்க மறந்தேன். அது குறுகிய பத்தியில் வரியை முறிக்கும் இடம். மெய்யெழுத்துக்கு முன்னால் எங்கு வேண்டுமானாலும் முறிக்கலாம் என்று யூனிகோட் நியாயத்தை அங்கே எழுதிவைத்திருந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் நாற்பது வருஷம் தோல் பதனிட்ட பெரியவர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி வந்தது. டாப் குறியீட்டில் அடித்தார்கள். அவர் பெயரின் நடுவில் ‘கொ’ இருந்தது. கொம்பு ஒரு வரியின் கடைசியில் தனியே தொங்க, அடுத்த வரி ‘கா’ என்று தொடங்கிற்று. அச்சாகி, சந்துகளில் ஒட்டியும் ஆயிற்று. மறுநாள் காலை அவருடைய மகன் அச்சகத்துக்கு வந்து, சுவரொட்டியை மேஜைமேல் விரித்து, அந்தத் தனிக் கொம்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, எங்க அப்பா பேரு இதா?” என்று மெல்லிய குரலில் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தப்பு முழுவதும் என்னுடையது.

அந்த வாரம்தான் நால்வர் நூலின் முதல் தோரணியை மறுபடியும், இந்த முறை பரீட்சைக்காக அல்லாமல், படித்தேன். பதினோரு கேள்விகளையும் நீக்கினேன். ‘எழுத்துக் குடும்பம்’ என்று ஓர் அருவம் வைத்தேன். அதற்கு வாக்குறுதிகள் நான்கு: விசைப்பலகையைக் கொடு, எழுத்துருவைக் கொடு, வரிமுறிப்பானைக் கொடு, அழிப்பானைக் கொடு. அதன் கீழே டாப் குடும்பம், திஸ்கிக் குடும்பம், பாமினிக் குடும்பம், யூனிகோட் குடும்பம் என்று நான்கு உருவங்கள்; ஒவ்வொன்றும் அந்த நான்கையும் தன் ஜாதியில் செய்து கொடுக்கும். கோப்பைத் திறக்கும் கணத்தில் அது எந்தக் குடும்பம் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அதன் பிறகு பக்க அமைப்பு எழுதிய பகுதிக்குக் குடும்பத்தின் பெயரே தெரியாது. உத்தரப் பிரதேசத்துப் பையனைப் போல ‘வரிமுறிப்பானைக் கொடு’ என்று அலமாரியைப் பார்த்துக் கேட்கும், கிடைத்ததைக் கொண்டு வேலை செய்யும். மறப்பதற்குப் பன்னிரண்டாவது இடம் என்று ஒன்று இல்லாமற்போயிற்று. டாம் குறியீட்டில் ஒரு கோப்பு வந்தபோது ஐந்தாவது குடும்பம் ஒன்றை ஒரே நாளில் எழுதிச் சேர்த்தேன். பழைய நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. தொழில் செய்கிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

அந்தச் சந்தோஷம் ஆறு மாதம் நிலைத்தது. அச்சகத்துக்கு ஒரு தமிழ்ச் சங்கத்தின் அங்கத்தினர் பட்டியல் வேலை வந்தது. பெயர்களை அகர வரிசைப்படுத்த வேண்டும் என்றார்கள். வரிசைப்படுத்துவதும் குடும்பத்தைப் பொறுத்ததே. யூனிகோட் அட்டவணையில் வகரம், ளகர ழகரங்களுக்குப் பின்னால் கிடக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘பழம்’ முன்னும் ‘பவளம்’ பின்னும் வரும். நம்முடைய நெடுங்கணக்கிலோ பவளமே முன்னது. மற்றக் குறியீடுகளில் குளறுபடி வேறு விதம். ‘வரிசையாக்கியைக் கொடு’ என்று ஐந்தாவது வாக்குறுதியை அருவத்தில் சேர்த்தேன். சேர்த்த மாத்திரத்தில் ஐந்து குடும்பங்களும், தாங்கள் அதை நிறைவேற்றவில்லையே என்று ஒரே குரலில் முறையிட்டன. அங்கத்தினர் பட்டியல் திஸ்கியில்தான் இருந்தது. ஆனாலும் ஐந்துக்கும் எழுதவேண்டியதாயிற்று. இந்தத் தோரணியின் சுபாவமே இது. புதிய குடும்பம் வந்தால் கும்பிட்டு வரவேற்கும்; புதிய வகைச் சாமான் வந்தால் வீடு முழுவதையும் இடிக்கச் சொல்லும். நால்வரும் இதை மறைக்கவில்லை, தம் நூலிலேயே குறையென்று எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது அந்த வரியை நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

இன்னொரு சிக்கலை நூலில் நான் காணவில்லை, ரயிலில் கண்டேன். இரண்டு குடும்பங்களையும் கலக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் மும்பையில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஒரே பாதையில் இரண்டு குடும்பங்களும் இருந்தாகவேண்டிய நிர்ப்பந்தம். மாற்றம் துண்டு துண்டாகத்தான் நடந்தது. அதற்காக வந்தவைதாம் இரண்டு மின்னழுத்தத்திலும் ஓடும் ரேக்குகள். 2007இல் வந்த ஸீமென்ஸ் வண்டிகள் அந்த வகை. மோட்டார்மேன் கையிலுள்ள கைப்பிடி ஒன்றேதான். ஏ.சி. கம்பியின் கீழ் ஓடுகையில் மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைத்து, பின்பு அதை நேர்மின்னோட்டமாக்கி உள்ளே அனுப்புகிறது, டி.சி. கம்பியின் கீழ் அந்தச் சுற்றுவழி தேவையில்லை. உள்ளே மோட்டாரை ஓட்டும் பகுதிக்கு வெளியில் எந்தக் கம்பி என்ற விசாரம் கிடையாது. இரண்டு பிரதேசங்களும் சந்திக்குமிடத்தில் மட்டும் மின்சாரமே இல்லாத ஒரு துண்டுக் கம்பி இருந்தது. வண்டி அவ்விடத்தைத் தன் வேகத்திலேயே உருண்டு கடக்கவேண்டியிருந்தது. விசிறி நிற்கும், விளக்கு மங்கும், யாராவது ‘என்ன ஆச்சு’ என்று மராத்தியில் கேட்பார், பத்துப் பதினைந்து விநாடியில் எல்லாம் திரும்ப வரும்.

அந்தத் துண்டுக் கம்பியைப் பற்றி நெடுநாள் யோசித்திருக்கிறேன். குடும்பத்தை மாற்றுவதற்கு, எந்தக் குடும்பத்தையும் சேராத ஓர் இடம் வேண்டியிருக்கிறது. என் மென்பொருளிலும் பாமினியில் வந்த கவிதையையும் டாப்பில் வந்த முன்னுரையையும் ஒரே புத்தகத்தில் சேர்க்கும் நாள் வந்தபோது, தொழிற்சாலைகளை எத்தனை நன்றாகக் கட்டியிருந்தும் அவற்றால் ஒன்றும் ஆகவில்லை; ஒரு குடும்பம் தன் வேலையை முழுவதும் நிறுத்தி, எழுத்தை வெறும் அட்சர வரிசையாக்கி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறிய பின்பே இன்னொன்று உள்ளே வந்து எடுத்துக்கொள்ள முடிந்தது. எழுத்துரு மாற்றி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் கருவி, அந்த மின்சாரமற்ற துண்டுதான்.

அறிஞர்கள் இந்தத் தோரணியை எப்படி மதிக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். பீட்டர் நார்விக் 1996இல், லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் நால்வரின் 23இல் 16 தோரணிகள் மிகவும் எளிதாகிவிடுகின்றன, அல்லது கண்ணுக்கே தெரியாமல் மறைகின்றன என்று காட்டினார். அருவத் தொழிற்சாலை அவற்றில் ஒன்று. கிளாஸையே ஒரு பொருளைப் போலக் கையில் எடுத்துக் கொடுக்கும் மொழியில், அலமாரிக்குத் தனியாகத் தச்சு வேலை எதற்கு? நால்வரில் மூவர் 2009இல் ஒரு பேட்டியில் தங்கள் பட்டியலைத் திருப்பி அடுக்கிப் பார்த்தபோது, முதலில் நின்ற அருவத் தொழிற்சாலையை ஓரத்துப் பகுதிக்கு நகர்த்தினார்கள். விலிஸிடீஸ் அதற்கு முன்பே 2005இல் காலமாகியிருந்தார். எனக்கு அந்த இடமாற்றம் நியாயமென்றே படுகிறது, ஆனால் வேறு காரணத்தால். உண்மையான குடும்பங்கள் உலகில் அபூர்வம். நான் பார்த்த காரியாலயங்களில் தொழிற்சாலை என்று பெயர் தாங்கிய கிளாஸ்களில் பெரும்பான்மை, ஒரே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு, நாளைக்கு இன்னொன்று வந்தாலும் வரும் என்று திண்ணையில் பாய் விரித்துக் காத்திருப்பவை. தரவுத்தளத்தை மாற்றுவோம் என்று சொல்லி இரண்டாயிரம் வரி எழுதிவிட்டுப் பன்னிரண்டு வருஷமும் அதே தரவுத்தளத்தோடு வாழ்ந்த ஓர் இடத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். வடகலைக்காரர் மட்டுமே வாழும் அக்கிரகாரத்தில் கடை வைத்தவர், வருகிறவரையெல்லாம் ‘எந்தக் கலை’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைப் போன்றது அது. கம்பி இரண்டு விதமாக ஓடும் ஊரில்தான் இந்தத் தோரணி பொருந்தும். அங்கே இதற்கு மாற்றும் கிடையாது.

எழுத்துக் குடும்பங்களின் கதையும் ஹார்பர் பாதையைப் போலவே ஆயிற்று. 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் ‘டேஸ்16’ என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்தது. கைப்பேசி வந்த வேகத்தில் ஜனங்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் யூனிகோடிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அச்சகத்துக்கு டாப்பில் கோப்பு வந்து எத்தனையோ வருஷமாகிறது. திஸ்கிக் குடும்பத்தை நானே ஒரு நாள் நீக்கினேன். டாம் குடும்பமும் போயிற்று. இன்றைக்கு அந்த அருவத்தின் கீழே உண்மையில் உழைப்பது யூனிகோட் மட்டுந்தான். நியாயப்படி பார்த்தால் தொழிற்சாலையையே பிரித்துப் போட்டுவிடலாம்.

பாமினிக் குடும்பத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. செம்பூரில் ஒரு முதியவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். ஒவ்வொரு வருஷமும் தை மாதத்தில், மறைந்த தம் மனைவியைப் பற்றி நாலு பக்கம் எழுதி, பழைய கணிப்பொறியில் பாமினியில் தாமே அடித்து, ஐம்பது பிரதி போட்டுத் தரச் சொல்லி அச்சகத்துக்கு அனுப்புகிறார். “தம்பி, உங்கட பெடியனிட்ட சொல்லுங்கோ, எழுத்து மாறாமல் வரவேணும்” என்று கூடவே ஒரு சீட்டு வரும். பெடியன் நான்தான், எனக்கு நாற்பத்தேழு வயசாகிறது.

போன தையிலும் கோப்பு வந்தது. திறந்தேன், குடும்பம் எது என்று நிரல் ஒரு முறை கேட்டது.